டெல்டாவில் சைக்கிள் செயின்: எதில் கழுவுவது, எப்படி உலர்த்துவது?

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு 7 கிலோமீட்டர். பாதி தார்ச்சாலை, மீதி வாய்க்கால் கரையை ஒட்டிச் செல்லும் மண்பாதை. பல ஆண்டுகளாக இந்தத் தூரத்தைச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். ஐப்பசி கார்த்திகையில் களிமண் சேறு, மார்கழியில் பனி, தை மாசியில் சம்பா அறுவடையின் தூசு, கோடையில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று செயினில் படிந்துகொண்டே இருப்பதால், அதைக் கழுவாமல் ஓட்ட முடிவதில்லை. ஆனால் முறை தவறிக் கழுவிய செயின், கழுவாமலே விட்ட செயினைக் காட்டிலும் விரைவாகத் துருப்பிடிக்கும். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், சோப்புத் தண்ணீர், வாட்டர் சர்வீஸ் என்று நம் பக்கத்தில் வழக்கத்தில் இருக்கும் வழிகளில் எது எப்போது பொருந்தும் என்பதை, நான் செய்து பார்த்தவற்றையும் சைக்கிள் கடைகளில் கேட்டறிந்தவற்றையும் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

இந்தக் கேள்வியை நான் கவனமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதத்தில். ஒரு சனிக்கிழமை மாலை செயினைக் கழற்றி, துணி சோப்பும் வெந்நீரும் கொண்டு வெள்ளிபோலப் பளபளக்கும்வரை தேய்த்து அலசி, திண்ணை ஓரத்து ஆணியில் தொங்கவிட்டேன். எண்ணெயை மறுநாள் விட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இரவெல்லாம் தூறல். காலையில் எடுத்துப் பார்த்தபோது வெளித்தகடுகள் வெளுப்பாகவே இருந்தன. ஆனால் ஒவ்வொரு ரோலரின் இரண்டு ஓரங்களிலும், தகட்டோடு அது உரசும் இடத்தில், காவிக் கரைசலைத் தொட்டு வைத்ததுபோல ஒரு மெல்லிய வளையம் தெரிந்தது. நகத்தால் சுரண்டினால் அது வந்துவிட்டது. கண்ணியை மடக்கி நிமிர்த்தியபோதோ உள்ளேயிருந்து அதே காவி நிறத்தில் ஒரு சொட்டு நீர் கசிந்து விரலில் இறங்கியது.

காரணம் செயினின் அமைப்பிலேயே இருக்கிறது. 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கிய ரோலர் செயினின் அமைப்பைத்தான் இன்றைய சாதாரணச் சைக்கிளும் பின்பற்றுகிறது. இரண்டு உள்தகடுகள், அவற்றை இணைக்கும் சிறு குழாயான புஷ், புஷ்ஷின்மேல் சுழலும் ரோலர், புஷ்ஷுக்குள் நுழையும் ஆணிபோன்ற பின் (pin), அந்தப் பின்னின் இரு முனைகளையும் பிடித்திருக்கும் வெளித்தகடுகள். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு செயினில் நூற்றுப்பத்தை ஒட்டிய கண்ணிகள். ரோலருக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலும், புஷ்ஷுக்கும் பின்னுக்கும் நடுவிலும் உள்ள மயிரிழை இடைவெளிகளில்தான் தேய்மானம் நடக்கிறது. எண்ணெய் இருக்க வேண்டிய இடமும் அதுவே. தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியேற மறுக்கும் இடமும் அதுவே. எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் துணி அங்கே போகாது.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும். வாளித் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் இரும்பைவிட மெல்லிய ஈரம் போர்த்திய இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கிறது. அந்த மெல்லிய ஈரத்தின் வழியே காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதாக இரும்பை எட்டிவிடுகிறது. அரைகுறையாக உலர்ந்த செயின் இருப்பது சரியாக அந்த நிலையில்தான். பழைய எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாக இருந்தாலும் அது இரும்பை மூடிக் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சோப்புப் போட்டு முழுவதும் எடுத்துவிட்டு, ஈரத்தோடும் எண்ணெய் இல்லாமலும் ஓர் இரவு முழுக்க மழைக்காற்றில் தொங்கவிட்டால் நடக்க வேண்டியதுதான் நடந்தது. ஆகவே ஒரு முறை அழுக்கை எவ்வளவு எடுக்கிறது என்று கேட்பதோடு, கழுவி முடித்ததிலிருந்து எண்ணெய் விடும்வரை இரும்பு எவ்வளவு நேரம் வெறுமையாக நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். நம் ஈரக்காற்றில் இந்த இரண்டாவது கேள்விக்கே முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் முடிவு. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்த அளவுகோலில்தான் நடக்கிறது.

எதைக் கழுவுகிறோம் என்பதையும் பார்த்துவிட வேண்டும். சேறும் தூசும் கண்ணுக்குத் தெரிகின்றன, உப்பு தெரிவதில்லை. உர மூட்டையைக் கேரியரில் வைத்து வயலுக்குக் கொண்டுபோகும்போது சாக்கின் தையல் வழியே சிந்தும் குருணைகள் செயின்மீதும் பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீல்மீதும் விழுகின்றன. யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அது ஓர் உப்பு. வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் கரையோரத்தில் காற்றே உப்பைக் கொண்டுவந்து படியவைக்கிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு, வறண்ட நாளிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், மழையே இல்லாத சித்திரையிலும் உப்புப் படிந்த செயின் துருப்பிடிக்கிறது. இந்த உப்புகள் எவையும் மண்ணெண்ணெயில் கரையமாட்டா, தண்ணீரில்தான் கரையும். மண்ணெண்ணெயைத்தான் பெரிதும் பரிந்துரைக்கப்போகிறேன் என்பதால் அதன் இந்தக் குறையை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

கழுவாமல் துடைத்து மட்டும் எண்ணெய் விடுவதையும் ஒரு முறையாகவே கணக்கில் கொள்ள வேண்டும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ப்பக்கம் ஓடும் செயினைப் பனியன் வேஸ்ட்டால் லேசாகப் பிடித்துக்கொண்டு, பெடலைப் பின்னோக்கி இருபது முப்பது சுற்று சுற்றினால் வெளி அழுக்கில் பெரும்பகுதி துணிக்கு வந்துவிடும். பிறகு அளவாக எண்ணெய் விட்டு, மீண்டும் துடைக்க வேண்டும். தண்ணீர் கிட்டவே வராததால் துருவுக்கு இதில் வாய்ப்பே இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் தார்ச்சாலையில் மட்டும் ஓடும் சைக்கிளுக்கு, வாரம் ஒருமுறை இதைச் செய்தால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் கழுவ வேண்டியிருக்கும். ரோலருக்குள் மணல் புகுந்த செயினுக்கு இது போதாது. மணல் புகுந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என எங்கள் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன். “கழட்டி காதுகிட்ட வச்சு மெதுவா நெளிச்சுப் பாருங்க சார், மணல் இருந்தா அதுவே சொல்லும்” என்றார். நெளித்துப் பார்த்தேன். ஈரமான அரிசியை விரல்களுக்கு இடையே வைத்து நெரிப்பதுபோன்ற ஓசை தெளிவாகக் கேட்டது. அந்த ஓசை வந்தால் கழற்றிக் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மண்ணெண்ணெய் பழைய எண்ணெயையும் கிரீஸையும் நன்றாகக் கரைக்கிறது, மெதுவாக ஆவியாகிறது, ஆவியான பிறகும் இரும்பின்மீது மெல்லிய எண்ணெய்த்தன்மையை விட்டுச் செல்கிறது. இந்த மூன்றாவது குணம்தான் டெல்டாவில் அதன் பெரிய பலம். கழுவிவிட்டு அன்றிரவே எண்ணெய் விட முடியாமல் போனாலும் செயின் காலைவரை தாங்கும்; சோப்பில் கழுவிய செயினுக்கு அந்தச் சலுகை கிடையாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கால் லிட்டர் ஊற்றி, செயினை அரைமணி நேரம் ஊறவைத்து, மூடியை இறுக்கிக் குலுக்கி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ரோலர்களைத் தேய்த்து, கலங்கியதை வடித்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் ஊற்றி இன்னொருமுறை குலுக்க வேண்டும். இரண்டாம் முறை குலுக்கியபிறகு டப்பாவின் அடியில் காப்பித்தூள்போல வண்டல் படிந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் அந்தச் சின்ன இடைவெளிகளுக்குள் எவ்வளவு மண் இருந்தது என்பது புரியும். மூன்றாம் முறை குலுக்கியும் அடி தெளிவாக இருந்தால் போதும்.

மழையில் நனைந்த செயினை அப்படியே மண்ணெண்ணெயில் போடுவது தவறு. மண்ணெண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, தண்ணீரோடு கலக்காதது. வெளியில் ஒட்டிய நீர் டப்பாவின் அடிக்கு இறங்கிவிடும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் உள்ள நீர் அங்கேயே சிறைப்பட்டுக்கொள்ளும். முதலில் உலர்த்திவிட்டுத்தான் மண்ணெண்ணெய். கிடைப்பதிலும் சிக்கல் உண்டு: ரேஷனில் முன்புபோல எல்லாக் குடும்ப அட்டைக்கும் கிடைப்பதில்லை. ஆகவே ஊற்றியதை வீணாக்காமல் பாட்டிலில் வைத்து இரண்டு நாள் தெளியவிட்டு, மேலே உள்ளதை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம். அடியில் தங்கும் கசடை ஒரு தகர டப்பாவில் சேர்த்துவைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும். வாய்க்காலில் ஒரு கரண்டி கொட்டினாலும் நீரின்மேல் வானவில் நிறத்தில் படலம் எவ்வளவு தூரம் விரிகிறது என்பதைப் பார்த்தவர்கள் இரண்டாம்முறை அதைச் செய்யமாட்டார்கள். அந்த நீர்தான் நாற்றங்காலுக்கும் போகிறது, மாடு குடிக்கவும் போகிறது.

பம்ப்செட்டுக்கோ டிராக்டருக்கோ வாங்கிய டீசல் பல வீடுகளில் இருக்கும். மண்ணெண்ணெயைவிட இது கனமானது, மெதுவாகவே ஆவியாகும், விட்டுச்செல்லும் பிசுக்கும் அதிகம். துருவைத் தடுப்பதில் ஒரு படி மேல் என்றே சொல்லலாம். ஆனால் அந்தப் பிசுக்கை நன்றாகத் துடைத்து எடுக்காவிட்டால், பிறகு விடும் எண்ணெயை நீர்க்கச் செய்யும், தூசியையும் இழுக்கும். அடைமழைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அறுவடைக் காலத்தில் வேண்டாம்.

பெட்ரோலை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். வேகமாகக் கரைக்கிறது, வேகமாக உலர்கிறது என்ற காரணத்தால் சில கடைகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் வெப்பத்தில் திறந்த டப்பாவிலிருந்து எழும் பெட்ரோல் ஆவி தரையோடு பரவி, பக்கத்து அறையில் உள்ள அடுப்பு நெருப்பையும் எட்டிப் பற்றிக்கொள்ளும். துரு என்ற கணக்கில் பார்த்தாலும் அது நல்ல தேர்வு ஆகாது. பெட்ரோல் ஆவியாகும்போது இரும்பைக் குளிரச் செய்கிறது; ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஈரக்காற்றில் குளிர்ந்த செயினும் வியர்க்கும். எண்ணெய்ப் பூச்சு எதுவும் மிஞ்சாத இரும்பின்மீது அந்த ஈரம் அமர்கிறது. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதும், எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் பொருள் என்பதும் இன்னொரு காரணம்.

சோப்புத் தண்ணீர்தான் மண்ணெண்ணெய்க்கு உண்மையான போட்டி. உப்பையும் உரத்தையும் கரைக்கக்கூடியது அது ஒன்றே. தீப்பிடிக்கும் பயமில்லை, நாற்றமில்லை, எல்லா வீட்டிலும் இருக்கிறது. வெந்நீரில் செய்தால் பிசுக்கும் நன்றாக விடுகிறது. ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில் நம் மாவட்டங்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடு உண்டு. கும்பகோணம், பாபநாசம் பக்கத்துத் தண்ணீரில் அலசலாம். கடலோரக் கிராமங்களில் பல போர்வெல்களில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது; அதில் கடைசி அலசல் அலசினால், எந்த உப்பை எடுக்கக் கழுவினோமோ அதே உப்பை மீண்டும் உள்ளே ஏற்றிவிடுகிறோம். கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்துவைத்த மழைநீரோ குடிநீரோ இரண்டு லிட்டர் ஒதுக்கினால் போதும். பாத்திரம் கழுவும் திரவ சோப்புகளில் பலவற்றில் கெட்டித்தன்மைக்காக உப்புச் சேர்க்கிறார்கள் என்பதால், சோப்பு நுரை துளியும் தங்காமல் அலச வேண்டும். சலவைச் சோடா எஃகைக் கெடுக்காது. அலுமினியப் பாகங்களைக் கறுக்கச் செய்யும். ஆகவே செயினைக் கழற்றாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

புளியும் சாம்பலும் நம் வீடுகளில் பாத்திரம் துலக்கப் பழகிய பொருள்கள் என்பதால், துருவை எடுக்க அவற்றை முயல்வோர் இருக்கிறார்கள். இரண்டும் செயினுக்கு ஆகா. புளியின் அமிலம் துருவைக் கரைப்பது உண்மைதான். இடுக்குகளுக்குள் தங்கும் அமிலம் மறுநாளே புதுத் துருவைக் கொண்டுவரும். கடினப்படுத்திய எஃகு அமிலத்தில் நெடுநேரம் ஊறினால் ஹைட்ரஜன் உள்ளேறி நொறுங்கும் தன்மையைப் பெறவும் கூடும். எலுமிச்சைக்கும் வினிகருக்கும் இதுவே பொருந்தும். நெல் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் அதே பொருள். பித்தளைக் குடத்தின் மேற்பரப்பை மினுக்கும் அந்தப் பொருள் ரோலருக்குள் புகுந்தால் உள்ளிருந்தே அராவும்.

மோட்டார் சைக்கிள்களோடு சேர்த்துச் சைக்கிளையும் வாட்டர் சர்வீஸில் கொடுப்பது வசதியாகத் தோன்றும். அங்கே மிகுந்த அழுத்தத்தில் பாயும் தண்ணீர் செயினோடு நிற்காமல் பிரீவீல், சக்கர அச்சு, பெடல் அச்சு ஆகியவற்றின் பேரிங்குகளுக்குள்ளும் நுழைந்து கிரீஸை வெளியேற்றிவிடுகிறது. சைக்கிளின் பேரிங்குகள் அந்த அழுத்தத்தைத் தடுக்கும் அளவுக்கு மூடப்பட்டவை அல்ல. சேறு அப்பியிருந்தால் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை மேலிருந்து ஊற்றிக் கழுவுவதே போதுமானது.

உலர்த்துவதைப் பற்றி இதைவிட விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்ணீரைத் தொட்ட எந்த முறையின் பலனும் இங்கேதான் முடிவாகிறது. பங்குனி முதல் ஆடி வரை வெயிலே போதும். காலை 11 மணிக்கு மேல், தகர ஷீட் ஒன்றை வெயிலில் காயவைத்து அதன்மேல் செயினைப் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை திருப்பிப்போட்டு, ஒவ்வொரு முறையும் கண்ணிகளை நெளித்துவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உள்ளீரமும் போய்விடும். நெளித்துவிடுவதை மறக்கக் கூடாது. அசையாமல் கிடக்கும் கண்ணிக்குள் காற்று போகாது. கடைசி அலசலைக் கொதிநீரில் செய்துவிட்டால் செயினே சூடேறித் தன் ஈரத்தைத் தானே விரட்டத் தொடங்குவதால், இந்த நேரம் இன்னும் குறையும். கொதிநீரிலிருந்து எடுத்தவுடன் இடுக்கியால் பிடித்து இரண்டுமூன்று முறை ஓங்கி உதறினால் பெருந்துளிகள் தெறித்துவிடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நிலைமை வேறு. காற்றே நனைந்திருக்கும்போது கொடித்துணி இரண்டு நாள் ஆகியும் காயாது என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். செயினின் உட்புறமும் அப்படித்தான். மின்விசிறியின் கீழே தொங்கவிட்டால் வெளிப்புறம் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்ளே காய்வதற்கு முன்பே அந்தக் காவி வளையம் வந்துவிடும். இந்த மாதங்களில் வெயிலையும் விசிறியையும் நம்பித் தண்ணீரில் கழுவக் கூடாது.

பஞ்சர் கடைக் கம்பிரசர் காற்று இதற்கு நல்ல மாற்று. ரோலர் ரோலராகக் காற்றைப் பிடித்தால் உள்ளிருக்கும் நீர் தெறித்து வெளியேறுவது கண்ணுக்கே தெரியும். ஆனால் நம் ஈரக்காற்றை அமுக்கி அடைக்கும் கம்பிரசர் தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். அன்றாடம் அதைத் திறந்துவிடாத கடையில் குழாயிலிருந்து காற்றோடு நீர்த்துளியும் வரும். செயினில் பிடிப்பதற்கு முன்னால் ஒரு காய்ந்த துணியில் பத்து விநாடி காற்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும். துணி ஈரமானால், தொட்டியின் நீரைத் திறந்துவிடும்படி கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் இன்னொரு வழி. மண்ணெண்ணெய் செய்யாததை இது செய்கிறது: தண்ணீரோடு கலந்து, இடுக்கில் தங்கிய நீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அகலவாய்ப் பாட்டிலில் 100 மில்லி ஊற்றி, செயினைப் போட்டு நன்றாகக் குலுக்கி எடுத்துத் தொங்கவிட்டால் விரைவில் காய்ந்துவிடும். இதுவும் தீப்பற்றக்கூடியது, திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். காய்ந்த செயினில் பூச்சு எதுவும் இருக்காது என்பதால் உடனே எண்ணெய் விட்டாக வேண்டும். டபிள்யூ.டி.-40 ஸ்பிரேயும் இந்த வேலைக்கு உதவும். 1953இல் உருவான அந்தப் பொருளின் பெயரே தண்ணீரை அப்புறப்படுத்துவதற்கான நாற்பதாவது கலவை என்பதன் சுருக்கம்தான். அதை அடித்ததோடு எண்ணெய் விட்டாயிற்று என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நீரை விரட்டும் வேலைக்கான அந்த மெல்லிய பூச்சு சில நாள் ஓட்டத்திலேயே போய்விடும். துடைத்துவிட்டு முறையான எண்ணெய் விட வேண்டும்.

செயினை அடுப்பின்மேலோ இரும்புச் சட்டியிலோ வைத்து நேராகச் சூடாக்குவதை எந்தக் காலத்திலும் செய்யக் கூடாது. முன்பு ஊறிய மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் உள்ளே கொஞ்சம் மிஞ்சியிருந்தால் தீப்பற்றிக்கொள்ளும்.

உலர்ந்த செயினுக்கு எண்ணெய். தேங்காயெண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பலரும் அதையே விடுகிறார்கள். அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் நீர்த்தது, ஒரு மழையில் போய்விடும். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசினாக இறுகும். கடைகளில் விடும் பழைய என்ஜின் ஆயிலை நான் ஏற்கமாட்டேன்: கரியும், இரும்புத் துகளும், என்ஜினில் எரிந்த அமிலக் கழிவும் அதில் இருக்கின்றன. கழுவி எடுத்த செயினில் மீண்டும் அழுக்கை ஊற்றுவதாகவே அது ஆகும். கிரீஸ் வெளியில் அப்பிக்கொண்டு தூசியைப் பிடிக்கும், பின்வரை போகாது. தையல் மெஷின் எண்ணெய் உள்ளே நன்றாக இறங்கும். கோடைக்கு அது போதும். மழைக்காலத்துக்குப் புது என்ஜின் ஆயில் நல்லது, சைக்கிளுக்கென்றே விற்கும் செயின் ஆயிலில் ஈரத்துக்கான வகை இன்னும் நல்லது. உருக்கிய மெழுகில் செயினை முக்கும் முறை தூசு அண்டாமல் வைத்திருப்பதில் சிறந்தது என்றாலும், தொடர்மழையில் துருவைத் தடுப்பதில் எண்ணெய்க்கு ஈடாகாது. நம் கார்த்திகைக்கு அது பொருந்தாது.

எதை விட்டாலும் ரோலருக்கு ஒரு சொட்டு. நூற்றுப்பத்துச் சொட்டு என்பது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல்தான். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டு, கீழ்ச்செயினின் உட்பக்கத்தில் விட வேண்டும். சிறிது நேரம் ஊறவிட்டு வெளியில் இருப்பதைத் துடைத்துவிட வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவியிருந்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது தொங்கவிட்ட பிறகே எண்ணெய். இல்லாவிட்டால் உள்ளே மிஞ்சிய மண்ணெண்ணெய் எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கைத் திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது என் தேர்வு. கடற்கரையிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில், வாராவாரம் துடைத்து எண்ணெய் விடுவதோடு, நெளிக்கும்போது மணல் ஓசை கேட்டால் மண்ணெண்ணெயில் கழுவுவதே எல்லாப் பருவத்துக்கும் பாதுகாப்பானது. வேதாரண்யம் தொடங்கி நாகப்பட்டினம் வரையிலான கரையோரத்திலும், உரம் ஏற்றும் சைக்கிள்களுக்கும் அது மட்டும் போதாது. கோடையில் மாதம் ஒருமுறை சோப்பு வெந்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முழுக்க உலர்த்தி, அதன்பின் மண்ணெண்ணெயில் ஒரு குலுக்கு குலுக்கி எண்ணெய் விட வேண்டும். வேலை இரண்டு மடங்குதான். உப்பை விட்டுவைத்துவிட்டு எண்ணெய் மேல் எண்ணெயாக விடுவதைவிட அந்த உழைப்பு மேல். மழை மாதங்களில் அங்கேயும் தண்ணீரைத் தவிர்க்கலாம். உரம் சிந்தியோ கடல்நீர் பட்டோ கட்டாயம் கழுவ வேண்டியிருந்தால், ஸ்பிரிட்டோ கம்பிரசர் காற்றோ கையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு தொடங்க வேண்டும். பகலில் எண்ணெய்வரை முடிக்க நேரம் இல்லாத நாளில் செயினைக் கழற்றவே வேண்டாம்.

துருப்பிடித்து இறுகிவிட்ட செயினைப் பற்றி ஒன்று. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கடந்த பிறகு எங்கள் ஊரில் விழுந்த மரங்களுக்கு அடியிலும் தேங்கிய நீரிலும் பல நாள் கிடந்த சைக்கிள்களை எடுத்தபோது, செயின்கள் மடங்காமல் கம்பிபோல நின்றன. இரண்டு நாள் டீசலில் ஊறவைத்து நெளித்தபோது அவற்றில் சில ஓடின. துரு அரித்த பின்கள் குழிவிழுந்து கரடாகிவிட்டதால், சில மாதங்களில் அவை நீண்டு தொங்கத் தொடங்கின. மேற்பரப்பில் மட்டும் காவி படிந்த செயினுக்குக் கழுவுவதும் எண்ணெயும் பயன் தரும். உள்ளே அரித்ததற்கு இல்லை. இதை அறிய ஓர் இரும்பு ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் சுழியத்தை வைத்தால், 24 கண்ணிகள் தள்ளியுள்ள பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கடந்திருந்தால் செயினை மாற்ற வேண்டிய நேரம். எட்டில் ஒரு பங்கு கடந்திருந்தால் பிரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.